குடத்தை இறக்கும்போது எந்தத் தசை வேலை செய்யுது?

கோட்டையூரான் | டிசம்பர் 21, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். நான் பி.பி.எட்., அதான் உடற்கல்விப் படிப்பு, இரண்டாம் வருசம். இந்த செமஸ்டர்ல கைனிசியாலஜியும் பயோமெக்கானிக்ஸும் சேர்ந்து ஒரு பேப்பர். தசையும் மூட்டும் சேர்ந்து உடம்பை எப்படி அசைக்குதுன்னு சொல்ற பாடம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடமும் அதான். ஆனா ஒரு இடத்துல முட்டி நிக்கிறேன்.

முழங்கையை மடக்குறது பைசெப்ஸ், நீட்டுறது ட்ரைசெப்ஸ்னு புத்தகத்துல இருக்கு. டெஸ்ட்ல ஒரு கேள்வி: நெஞ்சளவுக்குத் தூக்கிப் பிடிச்ச தண்ணிக் குடத்தை மெதுவா இறக்கும்போது முழங்கையில வேலை செய்யிற தசை எது? கை நீளுதே, அப்ப ட்ரைசெப்ஸ்தானேன்னு எழுதினேன். தப்புன்னு அடிச்சிட்டாங்க. பைசெப்ஸாம். மடக்குற தசை நீட்டும்போது எப்படி வேலை செய்யும்?

இன்னொண்ணும் கேக்கணும். போன தைப்பூசத்துக்குக் காவடியோட குன்றக்குடியில இருந்து பழனிக்கு நடந்தேன். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், செம்பட்டின்னு அத்தனை தூரமும் கால் தாங்குச்சு. மலை ஏறும்போது மூச்சு வாங்குச்சு, அவ்வளவுதான். இறங்கி வந்த மறுநாள் தொடை முன்பக்கத்தைத் தொட முடியல. அதுக்கு மறுநாள் இன்னும் மோசம், திண்ணையில இருந்து எந்திரிக்கவே தூணைப் பிடிச்சேன். ஏறினது வலிக்காம இறங்கினது ஏன் வலிக்குது?

இது ரெண்டும் ஒரே கேள்வின்னு மனசுக்குத் தோணுது. முடிச்சு எங்கன்னு தெரியல.


பி.டி.வாத்தியார் | டிசம்பர் 21, இரவு 10.05

தம்பி, உன் மனசு சரியாத்தான் சொல்லியிருக்கு. முடிச்சை அவிழ்க்கப் புத்தகம் வேண்டாம். அடுப்படிக்குப் போய் அஞ்சு கிலோ அரிசிப் பையை எடு. வலது கையில பிடிச்சு, முழங்கையை மடக்கி நில். இடது கையால வலது புஜத்தைச் சுத்திப் பிடி. கட்டைவிரல் முன்பக்கம், மத்த நாலு விரலும் பின்பக்கம். இப்ப ஒண்ணு ரெண்டுன்னு அஞ்சு வரைக்கும் எண்ணிக்கிட்டே பையை இறக்கு. முன்பக்கம் கல்லு மாதிரி இறுகி இருக்கும், பின்பக்கம் தொளதொளன்னு கிடக்கும். கை நீளுது, ஆனா நீட்டுற தசை சும்மா இருக்கு.

அடுத்து, உள்ளங்கையை மேசை மேல வச்சுக் கீழ்நோக்கி அழுத்து. இப்பப் பின்பக்கம் இறுகும்.

காரணம் இதுதான். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முதல் சோதனையில கையை நீட்டினது எந்தத் தசையும் இல்லை, அரிசியோட எடை. கிணத்துல வாளியை இறக்கும்போது கயித்தை யாராவது கீழே தள்ளுறோமா? இறுக்கிப் பிடிச்சபடியே கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கொடுக்கிறோம். பைசெப்ஸ் அந்தக் கயிறு. இழுத்துக்கிட்டே நீளுது. இதைத்தான் எக்சென்ட்ரிக்னு புத்தகம் சொல்லுது. இழுத்துக் குறுகினா கான்சென்ட்ரிக், இழுத்தும் நீளம் மாறலைன்னா ஐசோமெட்ரிக்.

26 வருசமா பிள்ளைகளுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். கை எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துத் தசையோட பேரைச் சொல்லாதே. எடை எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பார், அதை எதிர்த்து நிக்கிற தசை எதுன்னு தேடு, தேடின இடத்துல கையை வச்சுத் தொட்டுப் பார். இந்த மூணும் இருந்தா பாதிப் பாடம் கையில வந்த மாதிரி.


கோட்டையூரான் | டிசம்பர் 21, இரவு 10.31

சார், செஞ்சு பார்த்துட்டேன். அம்மாவையும் செய்ய வச்சேன். நீங்க சொன்ன மாதிரியேதான். பையைப் படக்குனு கீழ விட்டப்ப முன்பக்கமும் தளர்ந்துடுச்சு. மெதுவா இறக்குறதுதான் வேலை, வேகமா விட்டா வேலையே இல்லை. இப்பப் புரியுது.

அப்ப மலைப்படி?


தேவகோட்டை மீனா | டிசம்பர் 22, காலை 6.40

நான் பிசியோதெரபிஸ்ட். வாத்தியார் கயித்தை நல்லாப் பிடிச்சுக் கொடுத்துட்டார், அதையே தொடர்றேன்.

படி இறங்கும்போது மேல்படியில நிக்கிற காலைக் கவனிங்க. உடம்போட எடை அந்த முழங்காலை மடக்கப் பார்க்குது. மடங்கிச் சரிஞ்சிடாம முன்தொடைத் தசை, அதாவது குவாட்ரிசெப்ஸ், இழுத்துப் பிடிச்சபடியே நீண்டு கொடுக்குது. படிக்குப் படி அதே வேலை. ஏறும்போது அதே தசை குறுகி உடம்பைத் தூக்குது. தசை ஒண்ணுதான், வேலை பார்க்கிற விதம்தான் வேற.

நீண்டுகிட்டே இழுக்கிற தசை செலவு குறைஞ்ச தசை. 1952ல ஆபட், பிக்லாண்ட், ரிட்சின்னு மூணு பேர் இங்கிலாந்துல ஒரு சோதனை செஞ்சாங்க. ரெண்டு சைக்கிளை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியில பூட்டினாங்க. ஒருத்தர் முன்னோக்கி மிதிக்கணும், இன்னொருத்தர் பெடல் பின்னால போகும்போது அதைத் தடுத்துப் பிடிக்கணும். ரெண்டு பேர் காலுக்கும் ஒரே விசைதான். ஆனா தடுத்தவங்களுக்குச் செலவான ஆக்சிஜன் மிதிச்சவரைவிட ரொம்பக் குறைவு. அதனாலதான் ஏறும்போது வாங்கின மூச்சு இறங்கும்போது வாங்கல.

ஆனா அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை இருக்கு. நீளும்போது ஒவ்வொரு தசை இழையும் கூடுதல் விசை தாங்கும், அதனால உடம்பு குறைஞ்ச இழைகளையே வேலைக்குக் கூப்பிடும். வந்த சில இழைகள் மேல மொத்தச் சுமையும் விழும். தசைக்குள்ள ஆக்டின், மயோசின்னு ரெண்டு வகை நூல்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நழுவித்தான் சுருக்கம் உண்டாகுது. 1954ல ரெண்டு குழுக்கள் தனித்தனியா இதைக் கண்டுபிடிச்சு ஒரே இதழில வெளியிட்டாங்க. ரெண்டு குழுவிலயும் ஒரு ஹக்ஸ்லி இருந்தார், ஆனா ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் இல்லை. அந்த நூல்கள் கோத்திருக்கும்போதே வலுக்கட்டாயமா நீட்டினா அங்கங்க நுண்ணிய சேதம் வரும். அதைச் சரிபண்ண உடம்பு தொடங்குற வேலைதான் வலி. ஒரு நாள் கழிச்சு ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போகும். உங்க தொடையும் அந்தக் கணக்குல பிசகல.

லாக்டிக் ஆசிட் தேங்கி வலிக்குதுன்னு சொல்றவங்க இன்னும் நிறைய இருக்காங்க. ஏறும்போதுதான் அது அதிகம் சுரக்கும், ஓய்வெடுத்தா ஒரு மணி நேரம் போல எடுத்துக் கலைஞ்சிடும். மறுநாள் வலிக்க அது அங்க இருக்காது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கு. இதே வேலையை அளவா ஒரு தடவை செஞ்சிட்டா, தசை தன்னைத் திருத்திக்கும். அடுத்த பல வாரங்களுக்கு அதே வேலை அந்த அளவு வலிக்காது. இந்தத் தைக்கும் போறீங்கன்னா இப்பவே குன்றக்குடி மலைப்படியில இறங்கிப் பழகுங்க. ஏறிப் பழகுறது நுரையீரலுக்கு. தொடைக்கு வேண்டியது இறக்கம்.


புதுவயல் மெக்கானிக்கல் | டிசம்பர் 22, மதியம் 1.15

என்ஜினியரா நானும் ஒரு கணக்குப் போடலாமா? வாத்தியாரோட அஞ்சு கிலோ அரிசிப் பையைத் தூக்க பைசெப்ஸ் எவ்வளவு இழுக்கணும்னு கேட்டா, அஞ்சு கிலோன்னுதான் பலரும் சொல்வாங்க.

முழங்கைதான் அச்சு. பை தொங்குற உள்ளங்கை அச்சுல இருந்து 35 செ.மீ. தள்ளி இருக்கு. முன்கையோட எடை ஒன்றரை கிலோன்னு வைங்க, அது விழுற இடம் 15 செ.மீ. பைசெப்ஸோட நாண், அதாவது தசையை எலும்போட கட்டுற கயிறு, எலும்புல ஒட்டுற இடம் அச்சுக்கு வெறும் 4 செ.மீ. பக்கத்துல. எடையைத் தூரத்தால பெருக்குங்க. 5 × 35 = 175. 1.5 × 15 = 22.5. கூட்டி 4ஆல் வகுத்தா ஏறத்தாழ 50. அஞ்சு கிலோவைப் பிடிக்க அம்பது கிலோ இழுப்பு!

இதை முதல்ல விளங்கிக்கிட்டவர் இத்தாலியக் கணித அறிஞர் பொரெல்லி. அவர் புத்தகம் அவர் இறந்த பிறகு 1680ல வெளிவரத் தொடங்குச்சு. தசைகள் தூக்குற எடையைவிடப் பல மடங்கு இழுக்க வேண்டியிருக்குன்னு நெம்புகோல் கணக்கு வச்சே காட்டினார். அதுக்கு முன்னால, சின்ன விசையால பெரிய எடையைத் தூக்க உடம்புல ஏதோ ஏற்பாடு இருக்குன்னுதான் நம்பிக்கிட்டிருந்தாங்க. உண்மை நேர் எதிர்.


கோட்டையூரான் | டிசம்பர் 22, மாலை 5.50

அண்ணே, இவ்வளவு நட்டத்துக்கு உடம்பை ஏன் இப்படி வச்சிருக்கு? நாணை இன்னும் கொஞ்சம் தள்ளி ஒட்டியிருந்தா லேசா இருந்திருக்குமே?


புதுவயல் மெக்கானிக்கல் | டிசம்பர் 22, இரவு 8.20

விசையில நட்டம், வேகத்துல லாபம். தசை 1 செ.மீ. குறுகினா உள்ளங்கை கிட்டத்தட்ட 9 செ.மீ. நகருது. தசை அதிகம் குறுகவும் முடியாது, ரொம்ப வேகமாக் குறுகினா இழுவிசையும் இறங்கிடும். கொஞ்சம் குறுகி நிறைய நகர்த்தணும்னா அச்சுக்குப் பக்கத்துலதான் ஒட்டணும். சிராவயல் மஞ்சுவிரட்டுல திமிலைப் பார்த்துக் கை பாயுதே, அந்த வேகம் இந்த 4 செ.மீ. கொடுத்தது.


பள்ளத்தூர் ஆச்சி | டிசம்பர் 23, காலை 11.02

நீங்க பேசுறதை எல்லாம் மகள் வாசிச்சுக் காட்டினா, நல்லா இருக்கு. எங்களுக்கு ஒரு சந்தேகம். எங்க அப்பச்சிக்கு, அதான் அப்பாவுக்கு, 84 வயசு. வலது பக்க இடுப்பு மூட்டு தேய்ஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாக. கைத்தடியை வலது கையிலதான் ஊன்றுறாக. போன மாசம் பேரன் வந்தப்ப இடது கையில பிடிங்கன்னு சொன்னான். "வலிக்கிற பக்கத்தைத் தாங்காம வலிக்காத பக்கத்தையா தாங்கச் சொல்றே"ன்னு அப்பச்சி கோவிச்சுக்கிட்டாக. யார் சொல்றது சரி? முகப்புல இருந்து வளவுக்கு நடந்து போறதுக்குள்ளயே அவுக முகம் சுண்டிப் போகுது, பார்க்க முடியல.


ஆத்தங்குடிக்காரன் | டிசம்பர் 23, மதியம் 2.30

ஆச்சி, எனக்குத் தெரிஞ்சு வலிக்கிற பக்கம்தான் ஊன்றணும். எங்க ஐயாவும் கடைசி வரைக்கும் அப்படித்தான் நடந்தாரு. சாயிற சுவருக்கு அந்தப் பக்கம்தானே முட்டுக் கொடுப்போம்.


புதுவயல் மெக்கானிக்கல் | டிசம்பர் 23, மாலை 6.45

அண்ணே, சுவர் உதாரணம் இங்க பொருந்தாது. ஒரு நொடி கூட வாங்க, ஆச்சியும் கேளுங்க.

நடக்கும்போது ஒவ்வொரு அடியிலயும் ஒத்தைக் காலில நிக்கிற ஒரு நொடி வருது. 60 கிலோ ஆள் வலது காலில மட்டும் நிக்கிறார்னா, அந்தக் காலோட எடை போக மீதி 50 கிலோ வலது இடுப்பு மூட்டு மேல உட்காருது. ஆனா நேரா மூட்டு மேல இல்லை, உடம்போட நடுவுல. மூட்டுல இருந்து 12 செ.மீ. இடது பக்கமா விலகி. அதனால இடுப்பு இடது பக்கம் சரியப் பார்க்கும். சரியாம வெளிப்பக்கத்துல இருந்து இழுத்துப் பிடிக்கிற தசை குளூட்டியஸ் மீடியஸ். மூட்டுல இருந்து அதுக்குக் கிடைக்கிற தூரம் 5 செ.மீ.தான். 50 × 12 ÷ 5 = 120 கிலோ இழுப்பு. மூட்டுல விழுறது எடையும் இழுப்பும் சேர்ந்து 170 கிலோ.

இப்ப இடது கையில கம்பு. மூட்டுல இருந்து 40 செ.மீ. தள்ளி, 8 கிலோ அளவுக்குத்தான் ஊன்றுறார். 50 × 12 = 600ல இருந்து 8 × 40 = 320 கழிஞ்சு போச்சு, மிச்சம் 280. தசை இழுக்க வேண்டியது 56. மூட்டுல விழுறது 56 + 50 − 8 = 98 கிலோ. எட்டுக் கிலோ ஊன்றினதுக்கு மூட்டுல 72 கிலோ இறங்கிடுச்சு!

தூரங்களைத் தோராயமா எடுத்திருக்கேன், ஆளுக்கு ஆள் மாறும். ஆனா ஆகாயத்துல போட்ட கணக்கு இல்லை. செயற்கை மூட்டுக்குள்ள அளவுகருவி வச்சு அளந்தப்ப, சாதாரண நடையிலயே உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமை விழுறது தெரிஞ்சிருக்கு.

வலது கையில ஊன்றினா, கம்பு மேல தள்ளுற விசையும் இடுப்பை இடது பக்கமே சாய்க்கும். அதுக்கு ஈடுகொடுக்க ஆள் உடம்பை வலது பக்கம் சாய்ச்சுச் சாய்ச்சு நடப்பார். அப்பச்சி அப்படித்தான் நடக்குறாகளா ஆச்சி?


தேவகோட்டை மீனா | டிசம்பர் 23, இரவு 7.30

கணக்கு சரி. பேரன் சொன்னதும் சரி. செய்முறையை நான் சொல்றேன்.

கம்பு இடது கையில. வலது காலை எடுத்து வைக்கும்போது கம்பும் சேர்ந்து முன்னால போகணும், ரெண்டும் ஒண்ணாத் தரையில ஊன்றணும். கம்போட உயரம் ரொம்ப முக்கியம் ஆச்சி. அப்பச்சியைச் செருப்புப் போட்டு நேரா நிக்கச் சொல்லுங்க, கை இயல்பாத் தொங்கட்டும். மணிக்கட்டு மடிப்பு எங்க இருக்கோ அங்கதான் கைப்பிடி வரணும். பிடிச்சா முழங்கை லேசா மடங்கி இருக்கணும். நம்ம பக்கத்து வீடுகள்ல இருக்கிற பழைய கைத்தடி சிலது ரொம்ப உயரமா இருக்கும். அதை ஊன்றினா தோள் தூக்கிக்கும், அழுத்தவே முடியாது. அடியில ரப்பர் குமிழ் இருக்கா பாருங்க. ஆத்தங்குடித் தளம் வேற, ஈரம் பட்டா வழுக்கும்.


ஆத்தங்குடிக்காரன் | டிசம்பர் 24, காலை 5.55

கணக்கை ரெண்டு தடவை படிச்சேன். நான் சொன்னது தப்பு, ஏத்துக்கிறேன். எங்க ஐயா உடம்பைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்தது கண்ணு முன்னாடி நிக்குது. அப்ப யாராச்சும் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நான் ஆத்தங்குடித் தளத்துக்குக் கல்லு போடுற ஆளு. கண்ணாடி மேல சட்டத்தை வச்சு, அச்சுக்குள்ள கலர்ச் சிமெண்டை ஊத்தி, மேல காஞ்ச கலவை தூவி, அப்புறம் ஈரக் கலவை போட்டுக் கரண்டியால மட்டம் பண்ணுவோம். காலையில குந்துனா சாயங்காலம் வரைக்கும் குந்தினபடிதான். 30 வருசமாச்சு. இப்ப எந்திரிக்கும்போது முழங்கால் உள்ள நறநறங்குது. அதே நேரம் சென்னையில இருந்து வந்த அக்கா மகனுக்கு 19 வயசு, குந்தவே தெரியல, குதிங்கால் தூக்கிக்கிட்டுப் பின்னால மல்லாக்க விழுறான். நான் குந்திக் கெட்டேனா, அவன் குந்தாமக் கெட்டானா?


தேவகோட்டை மீனா | டிசம்பர் 24, இரவு 9.10

அண்ணே, ரெண்டுக்கும் தனித்தனியா பதில் சொல்லணும்.

முதல்ல அக்கா மகன். அவருக்குக் குறை முழங்கால்ல இருக்க வாய்ப்பு கம்மி. குந்தும்போது உடம்போட எடை பாதத்துக்கு மேலயே விழணும், இல்லைன்னா விழுந்துடுவோம். குதிங்கால் தரையில பதிஞ்சிருக்க, முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னால வரணும். அதுக்குக் கணுக்கால் மடங்கணும். கணுக்கால் மடங்கலைன்னா இடுப்பு பின்னாலயே நின்னுடும், ஆளும் பின்னால போவார். நீங்க போட்ட கல்லுலயே ரெண்டு எடுத்து அவர் குதிங்காலுக்கு அடியில வச்சுக் குந்தச் சொல்லுங்க. சட்டுனு உட்கார்ந்தார்னா கணுக்காலும் கெண்டைக்கால் தசையும்தான் இறுகியிருக்கு. கொஞ்ச நாள் கல்லு மேல பழகி, அப்புறம் ஒரு கல்லு, அப்புறம் வெறுந்தரை.


செக்காலை வாசகர் | டிசம்பர் 24, இரவு 10.00

குந்தவே கூடாதுன்னுதானே இப்ப எல்லாரும் சொல்றாங்க? எங்க வீட்டுல முழுக்க வெஸ்டர்ன் டாய்லெட்டா மாத்திட்டோம். குந்தினா முழங்கால் சில்லு தேயும்னு கேள்வி.


தேவகோட்டை மீனா | டிசம்பர் 25, காலை 7.20

ஒரேயடியாக் குந்தக் கூடாதுன்னும் சொல்லக் கூடாது, எவ்வளவு வேணும்னாலும் குந்தலாம்னும் சொல்லக் கூடாது. நாளுக்குச் சில தடவை, சில நிமிசம் குந்தி எழுறது நல்ல முழங்காலுக்குக் கேடு இல்லை. மூட்டு முழு வீச்சுக்கும் மடங்கி நீள்றதும், தொடை வலுவா இருக்கிறதும் அதுல கிடைக்குது. ஆனா வேலைன்னு வந்து வருசக்கணக்கில மணிக்கணக்கா குந்தி, மண்டியிட்டு, அதோட எடையும் தூக்கினா முழங்கால் தேய்மானம் கூடுதுங்கிறது பல நாட்டு ஆய்வுகள்ல வந்திருக்கு. பெய்ஜிங் முதியவங்ககிட்ட நடத்தின ஆய்வுலயும், இளவயசுல தினம் பல மணி நேரம் குந்தினவங்களுக்கு முழங்கால் தேய்மானம் கூடுதலா இருந்தது.

ஆத்தங்குடி அண்ணே, அதனால உங்க நறநறப்பை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். முதல்ல ஒரு சின்ன முக்காலி உயரத்துக்காவது கீழ ஒரு மணை போட்டு உட்காருங்க. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவுல இடைவெளி இருக்கணும். அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு நாலு அடி நடங்க. வீக்கம் வந்தாலோ முழங்கால் பூட்டிக்கிட்டாலோ தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க. செக்காலை ஐயா, ஏற்கெனவே மூட்டு வலி இருக்கிறவங்களுக்கு உயரமான டாய்லெட் உதவிதான். வலி இல்லாத பிள்ளைகளைக் குந்த விடுங்க.


பி.டி.வாத்தியார் | டிசம்பர் 25, இரவு 8.40

எந்திரிக்கிறதைப் பத்திப் பேச்சு வந்ததால கோட்டையூர்த் தம்பிக்கு ஒரு வீட்டுப்பாடம். நாற்காலியில உட்கார்ந்து, ஒரு கையை முன்தொடையிலயும் இன்னொரு கையைப் பின்தொடையிலயும் வச்சுக்கிட்டு எழுந்திரு. ரெண்டும் ஒரே நேரத்துல இறுகும். முன்தொடை முழங்காலை நீட்டும், பின்தொடை ஹேம்ஸ்ட்ரிங் அதே முழங்காலை மடக்கும்னு படிச்சிருப்பே. ஒண்ணை ஒண்ணு எதிர்க்கிற ரெண்டும் சேர்ந்து இறுகினா எப்படி எந்திரிச்சே?


கோட்டையூரான் | டிசம்பர் 26, இரவு 9.25

ஒரு நாள் முழுக்க யோசிச்சேன் சார். ஹேம்ஸ்ட்ரிங் முழங்காலை மட்டும் தாண்டல, இடுப்பு மூட்டையும் தாண்டுது. முழங்காலை மடக்கும், இடுப்பை நிமித்தும். முன்தொடையில ரெக்டஸ் ஃபெமோரிஸும் அப்படித்தான், முழங்காலை நீட்டும், இடுப்பை மடக்கும். எந்திரிக்கும்போது இடுப்பும் நிமிரணும், முழங்காலும் நீளணும். மெக்கானிக்கல் அண்ணன் சொன்ன தூரக் கணக்கை இங்க வச்சா, ஹேம்ஸ்ட்ரிங்குக்கு இடுப்புல தூரம் அதிகம், முழங்கால்ல குறைவு. ரெக்டஸுக்கு முழங்கால்ல அதிகம், இடுப்புல குறைவு. அதனால ரெண்டு இடத்துலயும் நீட்டுற பக்கமே ஜெயிக்குது. சரியா சார்?


பி.டி.வாத்தியார் | டிசம்பர் 26, இரவு 9.40

அப்படியே சரி. 1903ல லொம்பார்டுன்னு ஒரு அமெரிக்கர் இந்தப் புதிரை எழுதி வச்சார், இன்னைக்கும் அவர் பேராலதான் சொல்றோம். நீ புத்தகத்தைத் திறக்காம வந்து சேர்ந்தே பார், எனக்கு மனசு நிறைஞ்சிருக்கு.


பள்ளத்தூர் ஆச்சி | டிசம்பர் 29, காலை 10.15

அப்பச்சிக்குக் கம்பை அளந்து பார்த்தோம். மணிக்கட்டுக்கு மேல ஒரு சாண் கூட இருந்துச்சு. அது எங்க ஐயா பர்மாவுல இருந்து கொண்டாந்த கம்பு, வெட்ட அப்பச்சிக்கு மனசு வரல. ஆசாரிகிட்ட சொல்லி வேற கம்பு செஞ்சு, அடியில ரப்பர் போட்டாச்சு. மூணு நாள் முரண்டு பிடிச்சாக. கணக்கை மகள் தாளில போட்டுக் காட்டினா. வட்டிக் கணக்குப் பார்த்த மனுசர் இல்லையா, 170, 98னு எழுதினதைக் கண்டதும் ஒண்ணும் பேசல. நேத்துப் பொழுதுக்கு முகப்புல இருந்து ரெண்டாங்கட்டு வரைக்கும் இடது கையில ஊன்றி நடந்து, அங்க உட்கார்ந்து காப்பி குடிச்சாக. சாய்ச்சு நடக்குறது நல்லாக் குறைஞ்சிருக்கு.

எனக்கும் ஒண்ணு சொல்லுங்க. நான் ஓலைக் கொட்டான் பின்னுறவ. ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்புல பின்னினா விரல் வலிக்கல, முழங்கைக்குக் கீழ கடுக்குது. விரல்தானே வேலை பார்க்குது?


தேவகோட்டை மீனா | டிசம்பர் 29, இரவு 8.05

அப்பச்சி காப்பி குடிச்ச சேதி கேட்டு ரொம்ப சந்தோசம் ஆச்சி.

விரலுக்குள்ள விரலை அசைக்கிற தசை கிடையாது. சின்னச் சின்ன தசைகள் உள்ளங்கையில இருக்கு, பலமான தசைகள் முன்கையில இருக்கு. அங்க இருந்து நாண்கள் மணிக்கட்டு வழியா விரல் நுனி வரைக்கும் பொம்மலாட்டக் கயிறு மாதிரி ஓடுது. இடது கையால முன்கையைப் பிடிச்சுக்கிட்டு வலது கை விரல்களை ஒவ்வொண்ணா மடக்குங்க, உள்ள ஓடுறது தெரியும். இன்னொண்ணு: உள்ளங்கையை மேசையில வச்சு நடுவிரலை மட்டும் அடியில மடக்கிக்கிட்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்க. தூக்க வராது. விரல்களைத் தூக்குற நாண்கள் புறங்கையில ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கு, நடுவிரல் மடங்கினா அது மோதிர விரலையும் பிடிச்சு நிறுத்திடும்.

பின்னும்போது மணிக்கட்டை உள்பக்கமா மடக்கி வச்சுப் பின்னுறீங்களான்னு பாருங்க. மணிக்கட்டு உள்ள மடங்கினா விரலை மடக்குற தசை ஏற்கெனவே குறுகிப் போயிருக்கும், மேல குறுகி இழுக்க இடம் இருக்காது. பிடி தளரும், அதை ஈடுகட்ட இன்னும் இறுக்குவீங்க. பேத்தி கையில ஒரு காசைக் கொடுத்து இறுக்கி மூடச் சொல்லி, மணிக்கட்டை மெல்ல உள்பக்கமா மடக்கிப் பாருங்க. காசு தானா நழுவி வரும். மடியில ஒரு தலையணை வச்சு கொட்டானைக் கொஞ்சம் உசரத்துல பிடிச்சா மணிக்கட்டு நேரா நிக்கும்.


கோட்டையூரான் | ஜனவரி 6, இரவு 9.00

மீனா அக்கா சொன்னதைச் செஞ்சு பார்த்தேன். நோட்டுல எழுதினதை அப்படியே போடுறேன்.

டிசம்பர் 27, சனிக்கிழமை காலை. குன்றக்குடி மலைப்படி ஆறு தடவை ஏறி இறங்கினேன். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் மனசுல ரெண்டு எண்ணினேன், சாமி கும்பிட வந்தவங்க எல்லாம் வழிவிட்டுப் போனாங்க. அன்னைக்கு ஒண்ணுமில்லை. 28 காலை தொடை கனத்துச்சு. 29 அன்னைக்கு பஸ் படி இறங்கக் கஷ்டமா இருந்துச்சு. 31ல போயிடுச்சு.

ஜனவரி 4. அதே படி, அதே ஆறு தடவை, அதே எண்ணிக்கை. 5ஆம் தேதி லேசாக் கனம். இன்னைக்கு 6, ரெண்டாம் நாள். உட்கார்ந்து எழுந்தேன், கையை வச்சு அழுத்திப் பார்த்தேன், ஒண்ணும் இல்லை.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. எங்க காவடியில 70 வயசுப் பெரியவங்க காவடியைத் தோளில வச்சுக்கிட்டு எங்களைத் தாண்டிப் போறாங்க. எப்படி?


பி.டி.வாத்தியார் | ஜனவரி 6, இரவு 9.50

நடை ஒரு தலைகீழ் ஊசல் தம்பி. ஊன்றின காலுக்கு மேல உடம்பு எழும்பி, மறுபக்கம் விழுது. விழும்போது கிடைச்ச வேகத்தை அடுத்த அடியில எழும்பவே செலவழிக்கிறோம். அந்தக் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு ஒழுங்கா நடக்குதோ, தசைக்கு அவ்வளவு வேலை மிச்சம். கென்யாவுல லுவோ இனப் பெண்கள் தலை மேல சுமை வச்சும், கிக்குயு இனப் பெண்கள் நெத்தியில பட்டை மாட்டிச் சுமந்தும் நடக்கிறதை 1986ல அளந்தாங்க. உடல் எடையில அஞ்சில ஒரு பங்கு வரைக்கும் சுமந்தாலும் அவங்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் செலவாகல. 1995ல காரணம் தெரிஞ்சது. சுமை ஏறின பிறகு அவங்களோட ஊசல் இன்னும் ஒழுங்கா ஆடுது. சின்ன வயசுல இருந்து சுமந்து பழகின நடை அது.

நம்ம பெரியவங்களை யாரும் அளந்து பார்க்கலை, அதனால அவங்களுக்கும் அதேதான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்தத் தடவை அவங்க பின்னால ஒரு பத்து நிமிசம் நட. தலை எவ்வளவு ஏறி இறங்குது, அடி எவ்வளவு நீளம், காவடி எப்ப ஆடுது, கால் எப்ப ஊன்றுதுன்னு பார்த்து எழுதிக்கிட்டு வா. நத்தம் தாண்டி ரோடு ஏறி இறங்குற இடத்துல நல்லாத் தெரியும்.


பள்ளத்தூர் ஆச்சி | ஜனவரி 7, காலை 8.30

தம்பி, காவடி எங்க ஊர் வழியா வர்ற அன்னைக்கு முன்னாடியே சொல்லுங்க. அப்பச்சி வாசல் வரைக்கும் நடந்து வந்து பார்க்கணும்னு சொல்றாக. காசுச் சோதனையில பேத்தி தோத்துட்டா, தலையணையும் வச்சாச்சு.